கெதியாவுக்கு ஒரு ‘லி’: யாழ்ப்பாணத்து ஆங்கிலமும் வினையடைகளும்

சாதாரண தர வகுப்புப் பிள்ளை ஒன்றின் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பியைத் திறந்தால், மூன்றாம் வரியிலோ நாலாம் வரியிலோ யாராவது ‘ஃபாஸ்ட்லி’ ஓடிக்கொண்டிருப்பார்கள். பஸ் ஃபாஸ்ட்லி வரும், நாய் ஃபாஸ்ட்லி துரத்தும், அம்மா ஃபாஸ்ட்லி சமைப்பார். ரீச்சர் சிவப்புப் பேனாவால் அந்த ‘லி’யை வெட்டுவார். அடுத்த கட்டுரையில் அது திரும்பவும் நிற்கும், வெட்ட வெட்டத் தழைக்கிற கிளுவை வேலி மாதிரி.

இவ்வளவு வெட்டியும் போகாத பிழையை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தின் இடறல்களில் பாதிக்கு மேல், தமிழை நன்றாகத் தெரிந்திருப்பதால் வருகிறவை. மிச்சத்தில் ஒரு பங்கு, பழைய ஆங்கிலப் புத்தகங்களை அளவுக்கு மிஞ்சி மதித்ததால் வந்தவை.

‘கெதி’ என்றால் வேகம். ‘கெதியா வா’ என்றால் விரைந்து வா. பெயரோடு ‘ஆக’ அல்லது ‘ஆய்’ சேரும், பேச்சில் அது ‘ஆ’வாகத் தேயும், வினையடை தயார். அழகு அழகாகும், கவனம் கவனமாகும். மூன்று வயதுப் பிள்ளையும் பிழைவிடாத இடம் இது. ஆங்கிலச் சொல் வந்து சேர்ந்தாலும் இதே கதிதான்: சிம்பிளா, நீற்றா, சீரியசா. ‘ஃபாஸ்ட்’ என்பதும் எங்கள் வாய்க்குள் ‘பாஸ்ற்றா’ ஆகிக் கனகாலம். இப்படிப் பழகிய பிள்ளைக்கு ஒருநாள் கரும்பலகையில் ஒரு சமன்பாடு காட்டப்படுகிறது: தமிழில் ‘ஆக’, ஆங்கிலத்தில் ‘லி’. ஸ்லோ, ஸ்லோலி. குவிக், குவிக்லி. பிள்ளை சமன்பாட்டை நம்புகிறது. நம்பியதற்குத் தண்டனைதான் அந்தச் சிவப்புக் கோடு.

‘ஃபாஸ்ட்’ ஏன் ‘லி’ ஏற்காது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘அது விதிவிலக்கு, பாடமாக்கு’ என்பது. காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் கடைசியில் ‘எ’ என்ற ஓர் உயிரொலியைச் சேர்த்தாலே வினையடையாகிவிடும். நூற்றாண்டுகள் போக அந்தக் கடைசி ஒலி உச்சரிப்பில் தேய்ந்து மறைந்தது. பெயரடையும் வினையடையும் ஒரே உருவமாகிவிட்டன. ஃபாஸ்ட், ஹார்ட், லேட் எல்லாம் அப்படி வால் இழந்தும் வேலையை விடாத சொற்கள். வால் போனபிறகுதான் ‘லி’ என்ற வேறொரு வாலுக்குக் கிராக்கி கூடியது. ‘ஃபாஸ்ட்’டின் முதற்பொருளும் வேகம் அல்ல, இறுக்கம். ஆழ்ந்த தூக்கத்துக்கு இன்றும் அந்தச் சொல்லைப் போடுவது அதனால்தான். இறுக்கம் எப்படி வேகமானது என்று யாழ்ப்பாணத்தானுக்கு விளக்கத் தேவையில்லை. மழை வருமுன் வீடு போய்ச் சேரவேண்டுமென்றால் ‘சைக்கிளை இறுக்கி உழக்கு’ என்றுதானே சொல்கிறோம்.

ஆங்கிலேயரே இந்த வாலில்லாச் சொற்களை எப்போதும் நிம்மதியாக விட்டுவைக்கவில்லை. 1611இல் வந்த ஜேம்ஸ் அரசரின் வேதாகமத்தில் மிகுந்த சந்தோசத்தைச் சொல்லுமிடத்தில் ‘எக்ஸீடிங்’ என்ற சொல் ‘லி’ இல்லாமலே நிற்கும். பின்னாளில் லண்டன் ஆயராகிய ராபர்ட் லௌத் 1762இல் எழுதிய இலக்கணத்தில் இப்படிப் பெயரடையை வினையடையாக்குவதைக் குறையென்று கண்டித்தார். அந்தக் கண்டிப்பு பள்ளிக்கூட இலக்கணங்களில் இறங்கி, கப்பலேறி, எங்கள் மிஷன் பாடசாலைகளுக்கும் வந்தது. ‘லி’ இருந்தால் படித்த ஆங்கிலம், இல்லாவிட்டால் தெரு ஆங்கிலம் என்ற பயத்தை உண்டாக்கியவர்களில் லௌத்துக்கும் பங்குண்டு. ஃபாஸ்ட்லி எழுதுகிற பிள்ளை ஒரு வகையில் ஆயருக்கு அளவுக்கு மிஞ்சிக் கீழ்ப்படிகிறது.

இனி அந்த ‘லி’யைப் பார்ப்போம். அதன் மூலம் ‘லீச்’ என்று ஒலிக்கும் ஒரு பழைய ஆங்கிலப் பெயர்ச்சொல். பொருள் உடம்பு, உருவம். ‘போல’ என்று பொருள்தரும் ‘லைக்’ என்பதும் அதன் இரத்த உறவு. ஜெர்மன் மொழியில் அந்தக் குடும்பத்துச் சொல் இன்று பிணத்தைக் குறிக்கிறது. ஆக, ஓர் ஆங்கில வினையடை என்பது அடியில் ‘இன்ன உருவாய்’ என்பதுதான். பிரெஞ்சுக்காரர் இதே வேலைக்கு லத்தீனில் மனத்தைக் குறித்த சொல்லை எடுத்து ‘மான்’ என்று ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள் மனத்தைப் பிடித்தார்கள், ஆங்கிலேயர் உடம்பைப் பிடித்தார்கள்.

யாழ்ப்பாணத்தார் என்ன பிடித்தோம்? ‘வடிவாச் சாப்பிடுங்கோ.’ ‘கதவை வடிவாப் பூட்டினனியே?’ ‘நான் சொல்லுறதை வடிவாக் கேள், பிள்ளை.’ வடிவு என்றால் உருவம். பிறகு அழகு. ‘வடிவா’ என்றால் அழகாக, முறையாக, முழுமையாக, குறைவிடாமல். ஒரு பெயரோடும் ஒட்டாமல் தனியே நின்று வேலை செய்கிற அந்த ‘வடிவா’, ஆங்கிலத்து ‘லி’ போன வழியிலேயே போயிருக்கிறது: உருவத்தைச் சொல்லும் சொல், வினை நடந்த விதத்தைச் சொல்லும் கருவியாக. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இரண்டு மொழி தனித்தனியே ஒரே எண்ணத்தை எண்ணியிருக்கின்றன, அவ்வளவுதான். இதை அறிந்த நாளிலிருந்து, ‘ஈட் பியூட்டிஃபுலி’ என்று பிள்ளை எழுதினால் எனக்குச் சிரிப்பு வருகிறது, கோபம் வருவதில்லை.

கோபம் வரவேண்டிய இடம், கோபம் இல்லாவிட்டாலும் கவலை வரவேண்டிய இடம், வேறு. ‘என் அப்பா ஹார்ட்லி வேலை செய்கிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை, தோட்டத்தில் விடியற்காலையிலிருந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மனிதரை ஒரு சொல்லால் சோம்பேறியாக்கிவிடுகிறது. ‘ஹார்ட்லி’ என்றால் ‘இல்லையென்றே சொல்லலாம்’ என்ற அளவுக்குக் குறைவு. ஃபாஸ்ட்லி என்றால் வாசிப்பவருக்கு விளங்கும், காதில் கொஞ்சம் உறுத்தும். ஹார்ட்லி விளங்கும், ஆனால் நேர் எதிராக விளங்கும். இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு, ஒரே அரைப் புள்ளி வெட்டு.

அந்தச் சொல் முதலில் ‘கடினமாக’ என்றுதான் இருந்தது. கடினப்பட்டே நடக்கும், ஆகவே எப்போதாவதுதான் நடக்கும், ஆகவே நடப்பதே இல்லை என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. இதைத் தமிழில் விளங்கப்படுத்த ஒரு சொல் கைவசம் இருக்கிறது: அரிது. அரிய செயல் என்றால் கடினமான செயல். அரிதாக வருவார் என்றால் வருவதே குறைவு. கடினமும் அருமையும் ஒரே வேரில் நிற்கிற மொழியைப் பேசுகிற பிள்ளைக்கு ஹார்ட்லியை இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். ‘லேட்லி’யும் அப்படித்தான். பஸ்ஸுக்குப் பிந்தினவன் வேறு, பத்திரிகையில் ‘பிந்திக் கிடைத்த செய்தி’ வேறு. முன்னது தாமதம், பின்னது புதிது. ‘ஹீ கேம் லேட்லி’ என்று எழுதும் பிள்ளையிடம் அந்தத் தலைப்பைக் காட்டினால் போதும்.

தமிழில் வினையடைக்குத் தனி அறை ஒருபோதும் கட்டப்படவில்லை. தொல்காப்பியம் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று நாலாக வகுத்தது. கிரேக்க, லத்தீன் வழி வந்த எட்டுச் சொல்வகை, ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு எங்களிடம் வந்தது. அறை இல்லாததால் வேலை நிற்கவில்லை. ‘ஓடி வந்தான்’ என்பதில் வினையெச்சம் அந்த வேலையைப் பார்க்கிறது. ‘விழுந்து விழுந்து படிச்சான்’ என்பதில் யாரும் விழுவதில்லை. ‘மெல்ல மெல்ல’ என்று இரட்டித்தால் இன்னொரு சாயல். அதைத்தான் பிள்ளை ‘ஸ்லோலி ஸ்லோலி’ என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் அது பிழையாகவே இருக்கட்டும், ஒரு ஸ்லோலியில் இல்லாத பொறுமை இரண்டு ஸ்லோலியில் இருப்பதை மறுக்கமுடியாது.

இவற்றுள் ஆங்கிலம் கொஞ்சமும் தாங்காதது ‘எண்டு’ வகை. டக்கெண்டு, சடாரெண்டு, திடீரெண்டு, பொசுக்கெண்டு. ஒலியைச் சொல்லிக் காட்டி, அதன் பின்னால் ‘என்று’ என்ற சொல்லை நிறுத்தினால், நடந்த விதம் கண்முன் வந்துவிடும். டக்கெண்டு வருவது நல்ல பிள்ளை. சடாரெண்டு வருவது பாம்பு. பொசுக்கெண்டு போவது கோபித்த மருமகள். ஆங்கில வகுப்பில் இந்த நாலுக்கும் ஒரே சொல் கொடுக்கப்படுகிறது: ‘சடன்லி’. விளைவு, ‘டக்கெண்டு வா’ என்பதைப் பிள்ளை ‘கம் சடன்லி’ என்று எழுதுகிறது. கட்டளையிட்டுத் திடீரென்று வரவைக்க முடியாது என்பது ஆங்கிலத்தின் நியாயம். ‘அட் வன்ஸ்’ என்ற இரண்டு சொல் அந்த இடத்துக்குப் போதும். ஆனால் அதற்கு முன்னால், தன் மொழியில் டக்கெண்டும் திடீரெண்டும் வேறு வேறு என்று பிள்ளைக்கே ஒருமுறை சொல்லிக் காட்டவேண்டும். அதைத் தமிழ் ரீச்சர் செய்வதா, ஆங்கில ரீச்சர் செய்வதா? இருவரும் செய்வதில்லை.

சொல் தெரிவிலும் இதே கூத்து. ‘ஆறுதலா வாங்கோ’ என்பது எங்கள் ஊரின் மிக இனிமையான அனுமதிகளில் ஒன்று: உங்கள் நேரத்துக்கு வாருங்கள், அவசரமில்லை. அதை ‘கம் ஸ்லோலி’ ஆக்கினால் கேட்கிற வெள்ளைக்காரர் தன் காலைப் பார்ப்பார். ‘சும்மா வந்தனான்’ என்பது ‘ஐ சிம்ப்ளி கேம்’ ஆகிறது. சும்மாவுக்கு ஆங்கிலத்தில் ஆள் இல்லை. ‘போட்டு வாறன்’ என்று விடைபெறுகிறவர் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்கிறார், ஏனென்றால் ‘போறன்’ என்று மட்டும் சொல்லி வாசலைத் தாண்ட நா எழாது. ‘இண்டைக்கே’ என்பதன் ஏகாரம் ‘ரூடே இட்செல்ஃப்’ என்று வருகிறது. ‘தான்’ வசனக் கடைசியில் ‘ஒன்லி’ ஆகி உட்காருகிறது. இவற்றில் சில இலங்கை முழுதும் கேட்பவை, சில பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கேட்பவை. சிங்களத்திலும் தமிழிலும் வசன அமைப்பு பல இடங்களில் ஒன்றாகப் போவதால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலம் ஒரே இடத்தில் வளைகிறது. அரசியலில் ஒத்துப்போகாதவர்கள் ‘ஒன்லி’யில் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

கைக்கு எட்டியும் தவறிப்போகிற ஒன்று: யாழ்ப்பாணத்தில் அதிகம் என்பதற்கு ‘கன’, ‘கனக்க’ என்கிறோம். கனம் என்றால் பாரம். ஆங்கிலத்திலும் பலத்த மழை பாரமான மழைதான், ‘ஹெவி’. ஆனால் பிள்ளை ‘பெரிய மழை’ என்ற நினைவில் ‘பிக் ரெயின்’ என்று எழுதிவிடுகிறது.

பழைய புத்தகத்தை மதித்ததால் வந்த பிழைகள் என்றேனே, அதற்கு இரு நூற்றாண்டுக் கதை உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது, டானியல் புவர் அதன் முதல் அதிபர். ஓலைச்சுவடி வாசித்த பையன்கள் அங்கே ஆங்கிலத்தில் வானியலும் கணிதமும் படித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கிருந்து போனவர்கள். சுவிசேஷம் சொல்ல ஆள் தேடியவர்களுக்கு எழுதுவினைஞர்களே அதிகம் கிடைத்தார்கள். ஆங்கிலம் அறிந்த பையன் அரசாங்க வேலைக்குப் போனான். பொஸ்டனிலிருந்து வந்து பார்த்த ரூஃபஸ் அண்டர்சன் இதை விரும்பவில்லை. 1855இல் செமினரி மூடப்பட்டது. மூடியதால் ஆங்கில ஆசை மூடவில்லை. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும் என்ற எங்கள் பழமொழிக்குள் ‘கவர்ன்மென்ட்’ என்ற சொல்லே உருமாறிக் கிடக்கிறது.

கோறணமேந்து ஆங்கிலம் என்பது எழுத்து ஆங்கிலம், அதுவும் விண்ணப்ப ஆங்கிலம். கச்சேரிக்குப் போகும் பெட்டிசம் ‘ஹம்ப்ளி’ என்று தொடங்கும், நடுவில் ‘கைண்ட்லி’ இரண்டு முறை வரும், ‘ஃபெய்த்ஃபுலி’ என்று முடியும். மரியாதை முழுவதும் வினையடைகளில் இருந்தது. இதற்கும் தமிழே காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் மரியாதை வினைமுற்றின் வாலில் இருக்கிறது: வாங்கோ, சொல்லுங்கோ, இருங்கோ. ஆங்கிலத்து ஏவல்வினைக்கு அந்த வால் இல்லை. மொட்டையாகத் தோன்றிய வினைக்கு முன்னால் எங்கள் குமாஸ்தாமார் ஒரு ‘கைண்ட்லி’யைத் தலைப்பாகையாகக் கட்டினார்கள். அந்தப் பழக்கம் மலாயா றெயில்வே கந்தோர்கள் வரை போய்ப் பென்சனோடு திரும்பி வந்தது. எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. ‘ஃபெய்த்ஃபுலி’யைத் தமிழாக்கியவர்களுக்கு அந்த இடத்தில் வினையடை ஒட்டவில்லை. எது வினை, எதற்கு அடை? ஆகவே அது ‘உண்மையுள்ள’ என்று பெயரெச்சமாகிவிட்டது. இலங்கையின் தமிழ் அரச கடிதங்கள் இன்றும் ‘உண்மையுள்ள’ என்று எழுதி, கீழே ஒப்பம் வைத்து முடிகின்றன.

அகராதிகளுக்கும் இதில் கையுண்டு. நல்லூரிலிருந்த ஜோசப் நைற் தொடங்கி, பலர் கைமாறி, உடுவிலில் பணியாற்றியிருந்த மைரன் வின்சுலோ 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ்–ஆங்கிலப் பேரகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அது ஒரு சொல்லுக்கு நாலைந்து பொருள் தந்தது. அதற்குப் பிறகு வந்த பொக்கற் அகராதிகள் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று சுருக்கின. சொல்லுக்குச் சொல் என்ற கணக்கை அங்கேதான் பழகினோம்.

1945இல் இலவசக் கல்வியோடு ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறின. அடுத்த தசாப்தத்தில் மேல்வகுப்புகளும் மாறத் தொடங்கின. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து, தமிழ்ப் பிள்ளையின் மொழிக் கணக்கையே குழப்பியது. யாழ்ப்பாணத்து வீடுகளில் பேரனுக்கு ஒரு ஆங்கிலம், அம்மப்பாவுக்கு ஒரு ஆங்கிலம் என்றாயிற்று. போர்க்காலத்து ஆங்கிலப் படிப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட தன் நூலில் பதிவுசெய்தார். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் மாணவர் கிறுக்கியவற்றை அவர் ஆராய்ந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓரத்தில் சினிமாவும் போராட்டமும் இருந்தன, நடுவில் அமெரிக்க வாழ்க்கை இருந்தது. பிள்ளைகள் ஓரத்தில்தான் விழித்திருந்தார்கள்.

இந்த ஆங்கிலத்தைப் பிழை என்பதா, வழக்கு என்பதா? எச். ஏ. பாஸே 1948இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு முதல், இலங்கை அறிஞர் இதை விவாதித்து வருகிறார்கள். திரு கந்தையா (‘திரு’ இங்கே பெயர், மரியாதை அடை அல்ல) 1981இல், தாம் பேசுவது ஒன்று, பேசுவதாக நம்புவது வேறொன்று என்ற இலங்கையரின் பிளவை நோயின் பெயர் போன்ற ஒரு சொல்லால் குறித்தார். மைக்கல் மைலர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே அகராதி தந்தார். 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்த அரசு, நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம் என்று முழங்கியது. சுலோகம் நல்லதுதான். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்கு அது அனுப்பி வைக்கப்படவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், மூன்றாகப் பிரிப்பேன். ‘கோ அண்ட் கம்’, ‘ரூடே இட்செல்ஃப்’ எங்கள் வழக்கு, கோடு போடக்கூடாது. ஃபாஸ்ட்லி பிழை, ஆனால் சின்னப் பிழை, காரணத்தைச் சொல்லித் திருத்தலாம். ஹார்ட்லி ஆபத்து. எல்லாவற்றுக்கும் ஒரே அடி கொடுத்தால் பிள்ளை வாயைத் திறக்காது. யாழ்ப்பாணத்தில் பத்து வருசம் ஆங்கிலம் படித்தும் பேசக் கூச்சப்படுகிறவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இந்தச் சமத்துவமும் ஒரு காரணம் என்பேன்.

இதற்கிடையில் தமிழும் சும்மா இருக்கவில்லை. கம்பஸ் பிள்ளைகள் கதைப்பதைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். வினை நடந்த விதத்தைச் சொல்ல ஆங்கிலப் பெயரடையோடு ‘ஆ’ போடுகிறார்கள்: கிளியரா, ஸ்மார்ட்டா. ஆனால் வசனம் முழுவதையும் ஒரு பார்வை பார்க்கும் சொற்களை ‘லி’யோடு முழுசாகத் தூக்குகிறார்கள்: அக்சுவலி, பேசிக்கலி. ‘அக்சுவலா’ என்று யாரும் சொல்வதில்லை. தமிழ்ப் பேச்சில் அந்த இடம் இளகலாக இருந்ததால் அது வெளிச் சொல்லுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. எழுத்துத் தமிழ் அந்த இடத்தை ‘துரதிர்ஷ்டவசமாக’ போன்ற நீண்ட மொழிபெயர்ப்புகளால் நிரப்பிக்கொண்டது. ஓர் அம்மம்மா அந்த இடத்தில் ‘என்ன செய்யிறது, அவற்றை காலம்’ என்பார்.

இப்போது ஆங்கில ரியூட்டறிகளில் கூட்டம் வேறு. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போக ஐயெல்ற்ஸ் எழுதுகிறவர்கள் ‘ஃபர்ஸ்ட்லி, செக்கண்ட்லி, மோர்ஓவர்’ என்ற வரிசையைச் சகஸ்ரநாமம் போலப் பாடமாக்குகிறார்கள். 2010 நவம்பரில் பிரித்தானியா வாழ்க்கைத்துணை விசாவுக்கு ஆங்கிலப் பரீட்சையைக் கட்டாயமாக்கிய பிறகு, தாலி கட்டிய கையோடு வகுப்புக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களிடம் கேட்பது அடிப்படைப் பேச்சு. ‘மை ஹஸ்பண்ட் டிரைவ்ஸ் ஃபாஸ்ட்லி’ என்றாலும் விமானம் ஏறலாம்.

ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்திறங்குவார்கள். போன வருசம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தேன். கச்சேரியில் இருந்து இளைப்பாறிய பெரியவர், கணக்குச் சோதனை எப்படி என்று பேத்தியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். ‘ஐ டிட் குட், அம்மப்பா’ என்றாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். ‘வெல். யூ டிட் வெல்’ என்றார். ‘கம் குவிக்’ என்று அவளுடைய தம்பி கேற்றடியில் நின்று கத்தினான். பெரியவர் அவன் பக்கம் திரும்பி ‘குவிக்லி’ என்றார். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஐஸ்கிறீம் வானை நோக்கி ஓடினார்கள். அம்மம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, ‘றோட்டை வடிவாப் பாத்துக் கடவுங்கோ!’ என்றார். அது மட்டும் இருவருக்கும் உடனே விளங்கியது. நின்று, இரண்டு பக்கமும் பார்த்தார்கள்.